தாத்தாவின் தக்காவிக் கடன்

போன செமஸ்டர் விடுமுறையில் சோளிங்கருக்குப் போயிருந்தபோது பரணை ஒழிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மேலே ஒரு தகர டிரங்குப் பெட்டி. உள்ளே கரையான் தின்றது போக மிச்சமிருந்த கிஸ்து ரசீதுகள், ஒரு பழைய ரேஷன் கார்டு, நான்காக மடித்த ஒரு தாள். தாளில் தாத்தாவின் பெயர், சர்வே எண், "கிணறு வெட்ட தக்காவி ரூ. 600", 1957 என்று ஆண்டு.

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். டேர்ம் லோன் தெரியும், ஓவர்டிராஃப்ட் தெரியும், ஹைப்பாதிகேஷன் என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தக்காவி என்றால் என்னவென்று தெரியவில்லை. பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் படிக்கக்கூட இல்லை, தாளின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"அது சர்க்கார் குடுத்த கடன்டா. அந்தக் கிணறுதான் இது. உங்க தாத்தாவுக்கு கர்ணம் வூட்டுக்கு நாலு நடை. எனக்கு நாலு வருசமா நடை."

பெரியப்பாவின் நடை எதற்கென்றால் சொட்டுநீர் மானியத்துக்கு. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயி என்றால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். எங்களுடையது இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். சிறு விவசாயி என்பதற்கு ஐந்து ஏக்கர் வரை வரம்பு, குறு விவசாயி என்றால் இரண்டரை ஏக்கர். ஆக பெரியப்பா குறு விவசாயி, முழு மானியத்துக்கு உரியவர். ஆனால் பட்டா இன்னும் 1991-ல் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. அரசாங்கத்தின் கண்ணுக்கு அந்த நிலத்தில் கத்திரிக்காய் பயிரிடுவது என் தாத்தா. பெரியப்பா வெறுமனே அங்கே நடமாடுகிற ஒருவர்.

இந்த விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். விவசாயிக்கு அரசாங்கம் உதவி தருவது எப்போது தொடங்கியது, அதை விவசாயி எப்படிக் கண்டுபிடித்தான், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்காவி என்பது அரபிச் சொல்லிலிருந்து வந்தது. பலப்படுத்துவது என்று பொருள். முகலாயர் காலத்து ஏற்பாடு. அக்பர் காலத்து ஐனி அக்பரியிலேயே வரி வசூலிக்கிற அதிகாரி, கையில் பணமில்லாத குடியானவனுக்கு முன்பணம் கொடுத்து உதவ வேண்டும் என்று விதி இருக்கிறது. கருணை கொஞ்சம், கணக்கு நிறைய. விதையும் மாடும் இல்லாதவன் உழ மாட்டான், உழாதவனிடம் வரி வாங்க முடியாது, அவ்வளவுதான். எங்கள் அக்கவுண்டன்சி சார் இதை வொர்க்கிங் கேபிட்டல் அட்வான்ஸ் என்று சொல்லியிருப்பார். திப்பு சுல்தானின் வருவாய் விதிகளிலும் இந்தத் தக்காவி உண்டு. (திப்புவின் அப்பா ஹைதர் அலியால்தான் எங்கள் ஊர் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் வருகிறது. 1781 செப்டம்பரில் அவரும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் சோளிங்கரில் மோதினார்கள். ஹைதர் தோற்றார். ஊரில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை, நரசிம்மர் கோயில் படி 1305 என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். இப்போது ரோப் காரும் வந்துவிட்டது.)

தனி ஆளுக்குக் கடன் என்பது ஒரு வழி. அதைவிடப் பழையது ஏரிக்கு உதவி செய்வது. எங்கள் பக்கம் ஆறு எப்போதாவதுதான் ஓடும், வயல் முழுக்க ஏரியை நம்பி இருந்தது. சோளிங்கருக்குப் பக்கத்தில் மகேந்திரவாடி இருக்கிறது. வயல்வெளிக்கு நடுவே ஒற்றைப் பாறையைக் குடைந்து செய்த சின்னக் கோயில். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் கட்டியது. மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில் இந்த விஷ்ணு கோயிலை எடுத்ததாக அங்கே கல்வெட்டில் இருக்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்டான். இன்றைய திட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வைப்பதைக் கிண்டல் செய்கிறோம், அதெல்லாம் 1400 வருடப் பழக்கம் :-)

ராஜா ஏரி வெட்டிவிட்டுப் போய்விடுவான். தூர் வாருவதற்குப் பணம்? அதற்குப் பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று ஒரு ஏற்பாடு வருகிறது. கொஞ்சம் நிலத்தை ஏரிக்கென்றே ஒதுக்கி, அதில் விளைவதை ஏரி பராமரிப்புக்குச் செலவழிப்பது. உத்தரமேரூர்ச் சபையில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது. இந்த ஏற்பாட்டை நான் புகழ்ந்து தள்ளப் போவதில்லை. அந்தச் சபையில் உட்கார நிலமும் வீடும் வேதப் படிப்பும் வேண்டும், மண்ணைச் சுமந்தவர்கள் அங்கே உட்காரவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். உதவி ஆளுக்கு வரவில்லை, ஏரிக்கு வந்தது. ஏரி நிறைந்தால் கீழே இருக்கும் வயல் எல்லாவற்றுக்கும் தண்ணீர் பாயும், அந்த வயல் யார் பெயரில் என்று மதகு கேட்காது.

பிறகு வந்த கம்பெனி ஆட்சியில் நிலத்துக்கு ரயத்துவாரி, அதாவது ஒவ்வொரு குடியானவனிடமும் நேரடி வரி. ஏரி சர்க்காருடையது ஆனது. ஊரார் கூடிச் செய்கிற குடிமராமத்து தேய்ந்துகொண்டே வந்தது. அதை மீண்டும் நிமிர்த்த 1858-ல் சட்டம் போட்டார்கள். சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் வழக்கமாக இருந்ததைத் தண்டனையாக மாற்றினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்திலும் மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளிலும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். வடஆர்க்காடு கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை, 450 கிராம் சொச்சம். நாள் முழுவதும் மண் வெட்டுகிறவனுக்கு! இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டு வந்தேன்.

பஞ்சத்துக்குப் பிறகு விசாரணைக் குழு அமைத்தார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அந்தக் குழு 1880-ல் அறிக்கை தந்தது. அதையொட்டி வந்தவைதான் 1883-ம் ஆண்டு நில அபிவிருத்திக் கடன் சட்டமும் 1884-ம் ஆண்டு விவசாயிகள் கடன் சட்டமும். முதலாவது கிணறு, குளம், வடிகால், தரிசு திருத்துதல் போன்ற நீண்டகால வேலைக்கு. இரண்டாவது விதைக்கும் மாட்டுக்கும். எங்கள் வீட்டுத் தாளில் இருக்கும் 600 ரூபாய் முதல் சட்டத்தின் வகையைச் சேர்ந்தது. சுதந்திரம் வந்து பத்து வருடம் கழித்தும் அதே வெள்ளைக்காரச் சட்டம்தான் கிணறு வெட்டக் கடன் கொடுத்தது. அதே 1883-ல் மாகாணம் முழுக்க ஏரிகளை அளந்து சீரமைக்கும் திட்டமும் தொடங்கியது.

1883 சட்டத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். திருப்பிக் கட்ட 35 வருடம் வரை தவணை தரலாம் என்கிறது. இன்றைக்கு வீட்டுக் கடனுக்கே 30 வருடத்துக்கு மேல் தருவது அபூர்வம். காகிதத்தில் அவ்வளவு தாராளம். ஆனால் மனு போட்டால்? மனு வட்டாட்சியர் கச்சேரிக்குப் போகும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று நோட்டீஸ் ஒட்டலாம். நிலத்தை ஜாமீனாகக் காட்ட வேண்டும். அந்த நிலம் உன்னுடையதுதானா, வேறு பாத்தியதை உண்டா என்பதை ஊர்க் கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் கர்ணம். தவணை தவறினால் நிலவரி பாக்கி போலவே வசூல், அதாவது ஜப்தி வரைக்கும் போகும். ஊர் லேவாதேவிக்காரனிடம் வட்டி அநியாயம்தான். ஆனால் அவன் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் பணம் தருவான், மகளுக்குக் கல்யாணம் என்றாலும் தருவான், வெள்ளாமை போனால் அடுத்த போகம் வரைக்கும் காத்திருப்பான். சர்க்கார் வட்டி குறைவு, நடை அதிகம். ஒரு குடியானவன் இரண்டையும் மனதில் கூட்டிக் கழித்துப் பார்த்து லேவாதேவிக்காரனிடம் போனால் அவனை அறியாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலியை விட்டுவிட்டு நடக்கிற நாளும் செலவுதானே.

இதைப் புரிந்துகொண்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன். சென்னை மாகாண அரசு அவரை விவசாய வங்கிகள் பற்றி ஆராயச் சொன்னது. 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதியாக அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்தார் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று நடத்தும் கடன் சங்கங்களைத் தொடங்கியிருந்தார். அப்படி ஒரு ஆளை இங்கே கண்டுபிடியுங்கள் என்பதுதான் அந்தப் பெரிய அறிக்கையின் சாரம். (இதே நிக்கல்சன்தான் பின்னால் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறைக்கும் அடித்தளம் போட்டார். அந்தக் காலத்து ஆட்கள் ஒரு துறையோடு நிற்பதில்லை.) 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம் இருக்கிற திரூரில் முதல் சங்கம் பதிவானது. எங்கள் ஊர்க்காரர்கள் சென்னைக்கு ரயிலில் போகிற வழிதான்.

ஒருவருக்கொருவர் ஜாமீன் என்ற யோசனை அழகானது. நிலப் பத்திரத்துக்குப் பதில் ஊராரின் நம்பிக்கை. ஆனால் நம் ஊரில் யார் யாருக்கு ஜாமீன் நிற்பார்கள்? ஊர்த் தெரு காலனிக்காரருக்கு ஜாமீன் நின்றதா? சங்கம் பெரும்பாலும் நிலம் உள்ளவர்கள் கையிலேயே தங்கியது. ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு 1954-ல் வெளியானது. 1951-52 கணக்குப்படி விவசாயிகள் வாங்கிய கடனில் அரசு கொடுத்தது 3.3 சதவீதம், கூட்டுறவு கொடுத்தது 3.1 சதவீதம். லேவாதேவிக்காரர்கள் கிட்டத்தட்ட 70 சதவீதம். அதாவது தக்காவிச் சட்டம் வந்து எழுபது வருடம், கூட்டுறவுச் சட்டம் வந்து ஐம்பது வருடம், இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு ஆறரை ரூபாய்கூட இல்லை. என் தாத்தா 1957-ல் வாங்கிய அந்த 600 ரூபாயின் அருமை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் அந்த மூன்று சதவீதத்துக்குள் எப்படியோ நுழைந்திருக்கிறார். "எப்படி?" என்று பெரியப்பாவைக் கேட்டேன். கர்ணத்தின் நிலத்தைத் தாத்தா வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தாராம். "மனுவை அவரே எழுதிக் குடுத்தாரு." அவ்வளவுதான் ரகசியம்.

ஆய்வு நடந்த அதே நேரத்தில் அரசு வேறொரு வழியையும் முயன்று பார்த்தது. விவசாயி கச்சேரிக்கு வருவதற்குப் பதில் கச்சேரி விவசாயியிடம் போகட்டும் என்று. 1952 அக்டோபர் 2-ம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலகம் (நாம் யூனியன் ஆபீஸ் அல்லது பிடிஓ ஆபீஸ் என்பது), ஊர் ஊராகச் சைக்கிளில் போகும் கிராம சேவக் எல்லாம் அதன் பிள்ளைகள். உரம், விதை, எரு குழி, கோழி என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் சொல்ல வேண்டும். பாவம்.

இங்கே ராபர்ட் சேம்பர்ஸ் என்ற இங்கிலாந்து ஆய்வாளரைச் சொல்லியாக வேண்டும். 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து நம் வடஆர்க்காடு மாவட்டக் கிராமங்களிலும் இலங்கையிலும் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தார்கள். பி.எச். ஃபார்மர் தொகுத்து 1977-ல் புத்தகமாக வந்தது. அந்தக் குழுவில் சேம்பர்ஸும் இருந்தார். பிறகு 1983-ல் கிராம வளர்ச்சி பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அதில் "கிராம வளர்ச்சிச் சுற்றுலா" என்று ஒன்றைச் சொல்கிறார். அதிகாரிகள் கிராமத்துக்குப் போகிறார்கள், ஆனால் தார் ரோடு இருக்கிற கிராமத்துக்கு. ரோட்டோரத்து வீட்டுக்கு. மழையில்லாத மாதத்தில். ஆண்களைப் பார்க்கிறார்கள், திட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்தவரைப் பார்க்கிறார்கள், பெரிய விவசாயி வீட்டில் இளநீர் குடிக்கிறார்கள், சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற ஏழை கண்ணில் படவே மாட்டான். எங்கள் நிலம் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, வரப்பு வழி. வேளாண்மைத் துறை ஜீப்பை நான் ஒரே ஒரு தடவைதான் அங்கே பார்த்திருக்கிறேன், அதுவும் வழி தவறி வந்தது.

சரி, அந்தக் கர்ணம் என்ன ஆனார்? கர்ணமும் மணியக்காரரும் பரம்பரை உத்தியோகம். அப்பாவுக்குப் பின் மகன். ஊர் நிலக் கணக்கு முழுவதும் ஒரே குடும்பத்தின் பெட்டியில். யாருடைய அனுபோகம், எந்தப் பயிர், எவ்வளவு பாக்கி எல்லாம் அவர் எழுதியதுதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1980 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு இந்தப் பதவிகளை ஒழித்தார்கள். அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1982-ல் ஒழித்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓ வந்தார். என் பார்வையில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று. எந்தச் சாதிக்காரரும் விஏஓ ஆகலாம். காலனிப் பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் யுடிஆர் நடந்தது. 1979-ல் தொடங்கி 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம். பழைய ஊர்க் கணக்கைப் பார்த்து புதிய பட்டா. லட்சக்கணக்கான பெயர்களை எழுதுகிறபோது பிழை வராமல் இருக்குமா? தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று "யுடிஆர் தப்பு" என்று சொன்னாலும் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் பட்டாவில் தாத்தா பெயர் சரி, அவருடைய அப்பா பெயர் வேறு யாருடையதோ. தாத்தா உயிரோடு இருந்தவரை அதை யாரும் கவனிக்கவில்லை. எதற்காகக் கவனிக்க வேண்டும்? கிணற்றில் தண்ணீர் இருந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. மோட்டார் யார் பெயரில் ஓடுகிறது என்று தண்ணீரும் கேட்கவில்லை.

இலவச மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. அது விவசாயி தேடிப் போகத் தேவையில்லாத உதவி, இணைப்பு இருந்தால் தானாக வரும். அதனால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் தாத்தா 1957-ல் வெட்டிய கிணற்றை அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு தடவை ஆழப்படுத்தினார்கள், அப்புறம் உள்ளேயே போர் போட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரரும் அதையேதான் செய்தார். கடன் கொடுத்துக் கிணறு வெட்ட வைத்தது ஒரு சட்டம், மின்சாரம் கொடுத்து இறைக்க வைத்தது ஒரு திட்டம், இப்போது தண்ணீர் இல்லை என்று சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் தருகிறது இன்னொரு திட்டம். மூன்றும் ஒரே கிணற்றைச் சுற்றித்தான்.

எங்கள் பக்கத்து விவசாயியின் கதையைத் தோல் தொழிற்சாலை இல்லாமல் சொல்ல முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் தோல் பதனிட்ட கழிவு நிலத்திலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதற்கு இந்த வழக்கைத்தான் இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். பிறகு சூழல் இழப்பு ஆணையம் அமைத்து, பாதிக்கப்பட்ட நிலங்களைக் கணக்கெடுத்து, 2001-ல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நஷ்ட ஈடு என்று நிர்ணயித்தார்கள். வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். உப்புப் பூத்துப் போன நிலத்துக்கு. அந்தத் தொகையும் எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, மீதி நஷ்ட ஈட்டை ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் கண்காணிக்கக் குழு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வழக்குப் போட்டபோது பிறந்த குழந்தைக்கு அப்போது 33 வயது ஆகியிருக்கும்.

இதில் நான் நீதிபதி மாதிரிப் பேச முடியாது. விவசாயம் கட்டுப்படியாகாமல் என் அப்பா 1990-களில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போனார். என் கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளத்தில் வருகிறது. பெரியப்பா நிலத்தில் நின்றார், அப்பா தோலில் நின்றார், நாங்கள் இரண்டு பக்கமும் சாப்பிட்டோம்.

2006, 2016, 2021 என்று மூன்று தடவை கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது. 2021-ல் மட்டும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 12,110 கோடி. பெரியப்பாவுக்கு ஒன்றிலும் இல்லை. பயிர்க்கடன் வாங்கியிருந்தால்தானே தள்ளுபடி? பட்டா தன் பெயரில் இல்லாததால் சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கவில்லை, பெரியம்மாவின் நகையை அடகுக் கடையில் வைத்துத்தான் பயிர் செய்தார். நிலமே இல்லாமல் குத்தகைக்கு உழுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யச் சம்மதிக்கும் நிலக்காரர் எங்கே? வாய்ப் பேச்சுக் குத்தகைதான் ஊர் முழுக்க.

2019-ல் பிஎம் கிசான் வந்தது. வருடம் 6000 ரூபாய், மூன்று தவணை, நேரே வங்கிக் கணக்கில். நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும், 2019 பிப்ரவரி 1 வரையான பதிவேடு கணக்கு. மறுபடி பெரியப்பா வெளியே. மறு வருடம் நடந்த கூத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம் என்று வழி திறந்தார்கள், அலுவலக பாஸ்வேர்டுகள் கணினி மையங்களின் கைக்குப் போயின. தமிழ்நாட்டில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்து, 110 கோடி ரூபாய் போனது தெரியவந்தது. மோசடி நடந்த மாவட்டங்களில் வேலூரும் ராணிப்பேட்டையும் இருந்தன. அறுபது வருடமாக மண்ணில் நிற்கிறவர் பெயரைச் சேர்க்க முடியவில்லை, மண்ணையே மிதிக்காதவர் பெயர் ஒரு பாஸ்வேர்டில் சேர்ந்துவிட்டது. அந்தச் செய்தியைப் பெரியப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். "கம்ப்யூட்டர்காரன் கர்ணத்துக்கு மேல இருப்பான் போல" என்றார்.

உழவன் செயலி 2018-லிருந்து இருக்கிறது, 2021-லிருந்து தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட்டே போடுகிறார்கள், மாதம் ஒருமுறை கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர்வு நாள் நடக்கிறது. திட்டம் என்ன என்று தெரிந்துகொள்வது இப்போது கஷ்டமே இல்லை. அரை மணி நேரத்தில் எங்கள் நிலத்துக்குப் பொருந்தக்கூடிய ஏழெட்டுத் திட்டங்களை நான் குறித்துவிட்டேன். ஏரி வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்வதற்குக்கூட 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. எல்லாம் சரி. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கேட்கிற காகிதங்கள் மட்டும் சிட்டா, அடங்கல், பட்டா. 2025-லிருந்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தருகிறார்கள், அதையும் நில ஆவணத்தோடுதான் இணைக்கிறார்கள்.

எனவே இந்த விடுமுறையில் மானியத்தை விட்டுவிட்டுப் பட்டாவைப் பிடித்தேன். தாத்தாவின் இறப்பு அப்போது பதிவாகவே இல்லை. ஒரு வருடம் தாண்டியதால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதை வாங்கிவிட்டோம். அடுத்து வாரிசுச் சான்று, பிறகு யுடிஆர் பிழைத் திருத்த மனு. தாத்தாவின் அப்பா பெயர் எது என்பதற்குப் பழைய ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். டிரங்குப் பெட்டித் தாளை எடுத்துப் போனேன். அதில் கர்ணத்தின் கையெழுத்தில் தாத்தா பெயரும் அவர் அப்பா பெயரும் சர்வே எண்ணும் சுத்தமாக இருந்தன. அங்கிருந்தவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தக்காவின்னா என்னப்பா?" என்று என்னையே கேட்டார். சொன்னேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

வாரிசுகள் மொத்தம் ஆறு பேர். ஐந்து பேர் கையெழுத்து ஆகிவிட்டது. சித்தூரில் இருக்கும் அத்தை மட்டும் பாக்கி. ஆடிக் கிருத்திகைக்கு வரும்போது போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.